கைநாட்டு வைக்க மாட்டேன்

நாலு பேர் பார்க்கப் பேனா பிடித்தால் எனக்குக் கை நடுங்கும். பேங்க், ரேஷன் கடை, எங்கே போனாலும் இடது கட்டை விரலை நீட்டிவிடுவேன். பின்னால் நிற்பவர்கள் என் கோணல் எழுத்தைப் பார்க்க வேண்டாமே என்றுதான். நான் நாலாவது வரை படித்தவள் என்பதை எங்கள் வீட்டிலேயே மறந்துபோனார்கள்.

எனக்கு மார்பில் கட்டி எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடி, புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற டிரஸ்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். எனக்கு எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்களாம். அதையும் கொஞ்சம் ரத்தத்தையும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு, பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்தாள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று பார்க்கிறார்களாம். என் அக்கா இதில்தான் செத்தாள். சாவுக்கு வந்தவர்களிடம் வயிற்று வலி என்றோம். நானும் சொன்னேன்.

நான் வாயைத் திறப்பதற்குள், கம்பெனிக்குக் கிளம்பி நின்ற என் மகன் குறுக்கே வந்தான்.

"அதெல்லாம் வேணாம் மேடம். என் பொண்ணுக்கு மணவாள நகர்ல இடம் பாத்துக்கினு இருக்கோம். பரம்பரை நோயின்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

"அம்மாதான் சார் சொல்லணும்."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாது. எங்க சொன்னாலும் ரேகை வச்சிடுவாங்க."

"யாருக்குடா படிக்கத் தெரியாது?" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி எனக்கே நினைவில்லை.

மருமகள் சிரித்துவிட்டாள். "பஸ் போர்டு படிக்கிறதும் இதுவும் ஒண்ணா அத்தே? நாலு பக்கம் இருக்குது. முடிக்கிறதுக்குள்ள உங்க பேத்திக்குக் கொயந்தையே பொறந்துடும்."

"பொறக்கட்டும். நீ காகிதத்தைக் குடும்மா" என்று வந்த பெண்ணிடம் கை நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெரிய வார்த்தைகளில் தடுக்கி நின்றேன். யாரையும் கேட்கவில்லை. கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் பக்கத்தில், இதனால் உங்களுக்கு நேரடிப் பலன் இல்லாமல் போகலாம் என்று போட்டிருந்தது.

மகன் பிடித்துக்கொண்டான். "பாத்தியா? உனக்கே ஒண்ணும் இல்லியாம். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"எனக்கு இல்லடா. அக்கா போயிட்டா. எனக்கு ஒரு பக்கம் அறுத்தாச்சு. அடுத்தது யாரு? உம் பொண்ணுக்கு ஒண்ணு வந்தா, அப்ப மட்டும் எவன் வருவான்?"

"மாப்ள ஊட்ல கேட்டா?"

"என்னாண்ட அனுப்பு, நான் சொல்றேன். வயித்து வலின்னு இன்னொரு வாட்டி என் வாயால வராது."

அந்தப் பெண் பேனாவையும் மைப்பெட்டியையும் சேர்த்தே வைத்தாள். மைப்பெட்டியைத் தள்ளிவிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பேனாவை எடுத்து என் பேரை எழுதினேன். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டது. ஓடட்டும்.

கீழே சாட்சி என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காகிதத்தை மகன் பக்கம் திருப்பினேன்.

"போடு. உங்கம்மா படிச்சிட்டுத்தான் போட்டான்னு நீயே சாட்சி போடு."

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேனாவை வாங்கி, "முழுப் பேரும் போடணுமா மேடம்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டான்.