நான்காம் விதியும் நயினாதீவு லோஞ்சும்

1984 வைகாசி. புங்குடுதீவில் நான் புவியியல் படிப்பித்த பாடசாலையில் ஒழுங்கு பார்க்கும் மாணவ முதல்வர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் சனிக்கிழமை பதினாறு பேருக்கும் ரோணியோவில் படியெடுத்த தாளில் பத்து விதிகள் கொடுத்தேன். எல்லாம் நானே எழுதியவை. நான்காவது: ஒரு தவணையில் மூன்று தரம் பிந்தி வரும் மாணவ முதல்வர் சட்டையில் குத்தும் தன் பட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்று என்று ஒரு மணித்தியாலம் பேசினேன்.

ஆனியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தது. மாதக் கடைசியில் ஒரு நாள் (வியாழன் என்று நினைத்திருந்தேன், நாட்குறிப்பு வெள்ளி என்கிறது) சிரேஷ்ட மாணவ முதல்வர் வதனி ஆசிரியர் அறைக்கு வந்து, பட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தாள். நயினாதீவிலிருந்து லோஞ்ச் என்ற மோட்டர்ப் படகில் கடல் கடந்து வந்து படிப்பவள்.

"என்ன பிள்ளை இது?"

"நாலாம் விதி சேர். மூண்டு தரம் பிந்திட்டன்."

"உம்மடை பேரை ஆர் எழுதினது?"

"நான்தான். நந்தன் எழுதாமல் விட்டவன். புத்தகத்தை வாங்கி எழுதினனான்."

பிந்தி வருவோர் புத்தகத்தோடு கேற்றில் நிற்கும் மாணவ முதல்வர், மடத்துவெளிப் பக்கத்து நந்தன், அவளுக்குப் பின்னால் நின்றான். "வேண்டாமெண்டு சொன்னனான் சேர். 'லோஞ்சிலை வாற சின்னனுகளின்ரை பேரை எழுதினனீர், எனக்கு மட்டும் மை முடிஞ்சுதோ' எண்டு கேட்டவ."

பாடசாலை அதிபரிடம் போய், விதியை மாற்றுவோம் என்றேன்.

"தாளை எழுதினது நீர். உமக்குப் பிடிச்ச பிள்ளையிலை விழுந்த உடனை அழிச்சா, மற்றப் பெடியள் மதிப்பினமோ?"



திங்கள் காலை மற்றப் பதினைந்து பேரையும் நயினாதீவு லோஞ்ச் வந்து கட்டும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரச் சொன்னேன். லோஞ்ச் கிட்ட வந்தும் அலையில் கட்ட முடியாமல் இரண்டு தரம் விலகிப் போனது. கட்டியதும் வதனி ஏழு சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்துத் துறையில் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.

நந்தன் மணிக்கூட்டைப் பார்த்தான். "மணி அடிச்சிருக்கும் சேர். நாங்களும் லேட்."

"எழுதும்."

"உங்களையுமோ?"

"என்னை முதல் எழுதும்."

பாடசாலைக்கு வந்ததும் அதிபர், என் பெயர் முதலில் இருந்த அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு வதனியைக் கூப்பிட்டார். "லோஞ்ச் பிள்ளையளுக்கு இனி லோஞ்ச் கட்டின நேரத்திலையிருந்துதான் கணக்கு. இந்தாரும், பட்ஜைக் குத்தும்."

அவள் வாங்கவில்லை. "சின்னனுகளின்ரை பேரும் புத்தகத்திலை கிடக்கு சேர். பிந்தினதுக்கு வெயிலிலை நிண்டதும் அதுகள்தான். முதல் அதுகளின்ரையை வெட்டுங்கோ."

விதியை எழுதியபோது அந்த ஏழு பேரும் என் நினைவில் வரவேயில்லை. அவளது பட்ஜுக்காக அதிபரிடம் போனபோதும் வரவில்லை. ஒவ்வொரு பெயராக வெட்டி, பக்கத்தில் ஒப்பமிட்டேன். கடைசிப் பெயரும் வெட்டுப்படும் வரை பார்த்து நின்றுவிட்டுத்தான் அவள் பட்ஜைக் குத்தினாள்.

அடுத்த வருடப் பயிற்சிக்கு நான் ரோணியோத் தாள் கொண்டு போகவில்லை. முதல் வகுப்பை இறங்குதுறையில் வைத்தேன். லோஞ்ச் வரும் வரை காத்து நின்ற பிறகுதான் விதிகளை அவர்களே எழுதட்டும் என்று பிள்ளைகள் கையில் பேனை கொடுத்தேன்.