யப்பானும் எண்ணெய்ப் போத்தலும்

ஈரக் காலுறைகள் ஹீட்டரின் மேல் காய்கிற மணமும் எண்ணெயில் செத்தல் மிளகாய் பொரிகிற காரமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு யப்பான்தான் நினைவுக்கு வரும். இப்படித் தொடங்குவதற்கு வாசிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் யப்பானுக்குப் போனதில்லை, சரித்திரம் படித்தவளும் இல்லை. சோலோதுர்ன் நகரில் கெட்டிக்காரப் பிள்ளைகள் போகாத ‘ஓபர்ஷூல’ பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு, இன்று ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிறவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் அந்த ஒரு கார்த்திகை மாதத்தை எனக்குப் பதிலாக எழுத இப்போது வேறு ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அப்பாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த இடம், ஆரெ ஆற்றங்கரையில் முன்பு ஒரு விடுதியாக இருந்த பழைய கட்டடம். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அங்கே தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் அதைக் ‘காம்ப்’ என்போம். கார்த்திகை பிறந்ததும் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி கூரைவரை வந்து படுத்துக்கொள்ளும், பிறகு வாரக்கணக்கில் எழும்பாது. ஜன்னலைத் திறந்தால் எதிரே இருந்த மரம்கூடத் தெரியாது. மேலே வைஸன்ஸ்டைன் மலையில் நல்ல வெயில் எறிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்வார்கள். எங்களுக்கு அந்த வெயில் சொல்லக் கேட்ட வெயில்தான்.

காம்பில் எல்லோருக்கும் ஒரே குசினி. ஒரே அலுமாரித் தட்டில் ஆளுக்கொரு எண்ணெய்ப் போத்தல் நிற்கும். சமைத்து முடித்ததும் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எண்ணெய் நிற்கிற மட்டத்தில் பேனையால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் பெயரின் முதலெழுத்தைப் போட்டு வைப்பது அங்கே வழக்கம். அடுத்த நாள் எண்ணெய் கோட்டுக்குக் கீழே நின்றால் சண்டைதான். அப்பா ஊரில் சின்னக் கடை வைத்திருந்தவர், ஆகையால் அவருடைய கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல இருக்கும். அவர் சில நேரம் சமைக்கும் எண்ணமே இல்லாமல் போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அப்பாவுக்குத் தலைநகர் பேர்னில் அகதி விசாரணை முடிந்திருந்தது, பதில் வரவில்லை. வேலை செய்ய விடவில்லை; கன்டோன், அதாவது அந்த மாகாணத்தின், எல்லையை அனுமதி கேட்காமல் தாண்டக்கூடாது. அம்மாவும் தம்பியும் ஊரில் இருந்தார்கள். காணி விற்றது இரண்டு பேரின் பயணத்துக்குத்தான் போதியது. கைக்குழந்தையாக இருந்த தம்பியை அம்மா விடவில்லை, ஆமிக்காரர் நடமாடிய ஊரில் என்னை விட அப்பாவுக்கு மனமில்லை. எங்கள் பக்கத்து அறையில் சிவம் மாமா இருந்தார். உறவில்லை, ஆனால் அப்பாவை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அவருடைய விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்துவிட்டது. அப்படியும் காம்பில் அதிகம் சிரித்தவர் அவர்தான். பின்னேரங்களில் குசினி மேசையில் ‘முன்னூற்றுநாலு’ என்ற சீட்டாட்டம் நடக்கும். தோற்றவரின் காதில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் கொழுவிவிட்டு, அதற்குக் ‘கடுக்கன்’ என்று பெயரும் வைத்தவர் அவர்.

பள்ளியில் அப்போது இரண்டாம் உலகப் போர் படித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று ஒரு ‘ஃபோர்ட்ராக்’, அதாவது ஒரு விளக்கப் பேச்சு, செய்ய வேண்டும். வாத்தியார் நல்ல மனிதர். எனக்கு லேசாக இருக்கட்டும், இவளுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்று நினைத்து, யப்பான் ஏன் போருக்குப் போனது என்பதை எனக்குத் தந்தார். எனக்குத் தெரிந்த யப்பான் ஊரில் சித்தப்பா ஓடிய மோட்டார் சைக்கிள்தான். நூல்நிலையத்தில் அவர் எடுத்துத் தந்த டொச், அதாவது ஜெர்மன், புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். ஒரு பக்கம் முடிவதற்குள் மூடுபனிக்குள் இருட்டிவிடும்.

“முதல் தமிழிலை சொல்லிப் பார். தமிழிலை விளங்கினால் டொச்சிலை வரும்” என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டு என்னைக் கேட்க உட்கார்ந்தார்கள். சிவம் மாமா உப்புப் போத்தலை மேசையின் ஒரு மூலையில் வைத்து, “இதுதான் யப்பான். இனிச் சொல்லு பிள்ளை” என்றார்.

நான் குனிந்தபடி சொன்னேன். யப்பானில் சனம் அதிகம், எண்ணெயும் இரும்பும் றப்பரும் கிடையாது. உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தபோது அவர்களுடைய பட்டு நூலை வாங்க ஆளில்லாமல் போனது. கிராமங்களில் பஞ்சத்தில் பெண் பிள்ளைகளை விற்றார்கள். பெரிய நாடுகள் தங்கள் சந்தைகளைச் சுற்றி வேலி அடைத்துக்கொண்டன. வெள்ளைக்காரர் பிடித்ததுபோல நாமும் பிடித்தால்தான் பிழைக்கலாம் என்று அங்கே பலர் நம்பினார்கள். அரசாங்கத்தைக் கேட்காமலே படை மஞ்சூரியாவைப் பிடித்தது. தாங்களே ரயில் பாதையில் குண்டு வைத்துவிட்டுச் சீனர்மேல் பழி போட்டார்கள், அரசாங்கம் பிறகு அதற்குத் தலையாட்டியது. மறுத்துப் பேசிய மந்திரிகளை இளம் அதிகாரிகள் சுட்டார்கள். பிறகு சீனாவுக்குள் இறங்கினார்கள், வெல்லவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. சீனாவை முடிக்கத் தெற்கே இந்தோசீனாவுக்குள் போனார்கள். அதனால் அமெரிக்கா எண்ணெய் விற்பதை நிறுத்தியது. சீனாவை விட்டு வெளியேறச் சொன்னது.

அப்பா எழுந்துபோய்த் தட்டில் இருந்த எங்கள் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். “கையிலை இருக்கிறது இவ்வளவுதான். கப்பல் ஓட ஓடக் குறையும். இல்லையோ பிள்ளை?”

“ஓம் அப்பா. புத்தகத்திலையும் அப்பிடித்தான் கிடக்கு. பொறுத்தால் எண்ணெய் முடிஞ்சிடும், இப்ப அடிச்சால்தான் உண்டு எண்டு கடற்படைக்காரர் சொன்னவை.”

“சரியாத்தானே சொல்லியிருக்கிறாங்கள்” என்றார் அப்பா.

சிவம் மாமாவுக்குக் கோபம் வந்தது. அவருடைய தகப்பன் மலாயா ரயில்வேயில் வேலை செய்தபோது யப்பான்காரர் ஊரைப் பிடித்திருக்கிறார்கள். காவல்காரனுக்குக் குனிந்து வணங்கவில்லை என்று அறை வாங்கிய காது கடைசிவரை கேட்கவில்லையாம். தோட்டத்துத் தமிழாக்களைச் சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போன ரயிலையும் தகப்பன் பார்த்திருக்கிறார். “என்ன சரி, அண்ணை? அவனுக்கு எண்ணெய் இல்லாட்டி, என்ர ஐயாவின்ர கன்னமே அவனுக்குக் கிடைச்சது? கன்னத்திலை எண்ணெய் வடிஞ்சதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் போத்தலைத் திருப்பித் திருப்பிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் பார்த்தார் என்பது புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. பாரிசில் இருந்த ‘ஏஜென்சி’, அதாவது காசுக்கு ஆட்களை எல்லை கடத்துகிறவன், கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை காலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் கார் வரும், எல்லைக்கு அப்பால் லொறி, சிவம் மாமாவும் நாங்களும் போகிறோம், ஒருவருக்கும் சொல்லாதே என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். அந்த வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை கிடைத்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. போன குளிர்காலத்தில் காட்டுக்குள்ளால் லொறியில் எல்லை கடந்து இங்கே வந்தபோது, மூச்சுத் திணறி அப்பாவின் கையைக் கடித்தது எனக்கு நினைவிருந்தது. மறுபடியும் ஒரு லொறியை என்னால் நினைக்க முடியவில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று, கரும்பலகையைப் பிடித்தபடி, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குரல் முன்வரிசையோடு நின்றுவிட்டது. முடித்ததும் எனக்குப் பக்கத்தில் உட்காரும் அந்தப் பிள்ளைதான் கையை உயர்த்தினாள். “அப்போது எங்கள் நாட்டிடமும்தான் எண்ணெய் இல்லை, நிலக்கரி இல்லை. சுற்றிவர ஹிட்லரின் ஆட்கள். என் தாத்தா எல்லையில் காவல் நின்றார், விளையாட்டு மைதானத்தில் உருளைக்கிழங்கு நட்டார்கள். அப்படியென்றால் நாங்கள் ஏன் ஒருவரையும் போய்ப் பிடிக்கவில்லை?”

“யாரைப் பிடிக்கிறது, பக்கத்திலிருக்கிற குட்டி லீக்டென்ஸ்டைனையா?” என்று பின்வரிசைப் பையன் கத்த, வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு, “நல்ல கேள்வி” என்று என்னைப் பார்த்தார். மணி அடிக்கும்வரை அப்படியே நின்றேன். (அந்த ஆண்டுகளில் இந்த நாடும் எல்லைக்கு ஓடி வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியது என்பதை நான் வளர்ந்த பிறகே அறிந்தேன்.)

பதில் புத்தகத்தில் இருந்திருக்கிறது. அது முக்கியம் என்று தெரியாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். அன்று பின்னேரம் மறுபடியும் தேடி வாசித்தேன். அமெரிக்காவோடு நீண்ட போர் செய்து வெல்ல முடியாது என்று, போரை முடிவு செய்த யப்பான் தலைவர்களின் கூட்டங்களில் இருந்தவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று தரைப்படை சொல்லட்டும் என்று கடற்படை இருந்தது, கடற்படை சொல்லட்டும் என்று தரைப்படை இருந்தது. சீனாவிலிருந்து திரும்பினால் அங்கே செத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார்கள். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. எண்ணெய் இல்லாதது உண்மை. ஆனால் கதவை உள்ளே இருந்தவர்களும் சேர்ந்துதான் பூட்டினார்கள் என்று எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினியில் சீட்டு நடந்தது. கையில் நல்ல சீட்டு ஒன்றும் இல்லாமல் பெரிதாக ஏலம் கேட்டுவிட்டு அப்பா தோற்றார், காதில் கிளிப்பு ஏறியது. சிவம் மாமா வழக்கமான நக்கல் ஒன்றும் விடவில்லை. மற்றவர்கள் எழுந்துபோன பிறகு நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

“அப்பா, நான் வரேல்லை” என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ன?”

“எனக்குப் பயமாக் கிடக்கு. நான் வரேல்லை.”

“பிள்ளை, காணியை வித்துப்போட்டு வந்தனாங்கள். அம்மாவையும் விட்டுட்டு வந்தனாங்கள். இவ்வளவையும் குடுத்திட்டு இதுக்குள்ளையே ஆறிக்கொண்டு இருந்தால், குடுத்ததெல்லாம் என்னத்துக்கு?”

“அவையும் இதைத்தான் சொன்னவை, அப்பா.”

“ஆர்?”

“யப்பான்காரர்.”

சிவம் மாமா சீட்டுக்கட்டை மேசையில் வைத்தார். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். காதில் கிளிப்போடு அவர் அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, “இஞ்சை உனக்கு என்னடி இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். உண்மையாகவே தெரிய வேண்டும் என்று கேட்டதுபோல இருந்தது. எனக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான்.

“திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.”

“நாளைக்குப் பாப்பம்” என்று எழுந்தார். கிளிப்பைக் கழற்ற மறந்து அறைவரை போனார்.

நான் சொன்னது சரி என்று நிரூபிக்க என்னிடம் இன்றுவரை ஒன்றும் இல்லை. ஒரு நாடு ஊரார் தலையில் குண்டு போடுவதும் ஒரு மனிதன் மனைவி பிள்ளையோடு சேர்ந்து வாழ வழி தேடுவதும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். சிவம் மாமா ஒருமுறை பிடிபட்டுத் திரும்பி, மறுமுறை கனடா போய்ச் சேர்ந்தார். ஊரிலிருந்த அவருடைய மனைவி அங்கே போய்ச் சேர்ந்து நெடுங்காலம் கழித்துத்தான் என் அம்மா இங்கே வந்தார். தம்பிக்கு என் முகம் மறந்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தொலைபேசியில் சிவம் மாமா சொன்னார்: “அண்ணை மாட்டன் எண்டு சொல்லுவார், நானும் நிண்டிடலாம் எண்டுதான் பிள்ளை இருந்தனான்.” நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அதற்கு அவர், “சிவம் மறிப்பான் எண்டெல்லோ நான் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார்.

அப்பா இப்போது இல்லை. காம்ப் இருந்த கட்டடத்தில் பல் வைத்தியர் ஒருவரும் விலை கூடிய வீடுகளும் இருக்கின்றன. குசினி இருந்த மூலையில் சைக்கிள்கள் நிற்கின்றன. மூடுபனிகூட முன்புபோல வாரக்கணக்கில் கிடப்பதில்லை. முன்னூற்றுநாலு விளையாட என் பிள்ளைகளுக்குத் தெரியாது. எண்ணெய்ப் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிற ஆளை நான் கண்டு எவ்வளவோ காலம்.

அந்தச் சனிக்கிழமை காலை சிவம் மாமா தன் பையோடு ரயில் நிலையத்துக்கு நடந்து போனார். அப்பா ‘மாட்டன்’ என்று வாய்விட்டுச் சொல்லாமலே வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மத்தியானம் பருப்பும் சோறும் சமைத்தார். சாப்பிட்ட பிறகு போத்தலை எடுத்துப் பார்த்து, ஒரு கோடு கீறி வைத்தார்.