மேற்கு பார்த்த கோட்டை

என் அறை நண்பன் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்குப் போனபோது ஒரு ஜிக்சா பஸிலை விட்டுவிட்டுப் போனான். ஆயிரம் துண்டு. ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் இடிந்து நிற்கும் ஒரு பழைய கோட்டை; முன்னால் வளைவு வாசல், பின்னால் ஆரஞ்சு வானம். பெட்டியில் 'விடியற்காலை' என்று போட்டிருந்தது. இர்விங் ஊரில் என் அபார்ட்மென்ட்டில் மூன்று வார இறுதிகள் அதுதான் எனக்குத் துணை. கடைசித் துண்டை அழுத்தியபோது சட்டென்று தோன்றியது: சுவர் நிற்கிறது, கூரை எங்கே? யார் கழற்றியது?

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆபீஸ் விட்டு வந்ததும் இணையத்தில் அந்தக் கோட்டையைத் தேடுவதே வேலை. இடைக்காலத்தில் ஒரு சிறு பிரபு கட்டியது. பக்கத்துக் குடும்பத்தோடு தலைமுறைப் பகை. வாரிசு அற்றுப்போனதும் ஊர்க்காரர்கள் உத்தரங்களைக் கழற்றித் தங்கள் கொட்டகைக்குப் போட்டுக்கொண்டார்கள். சாட்டிலைட் படத்தில் சுவர் இரண்டு பக்கம் திறந்து கிடந்தது. கிழக்கே நிலம், மேற்கே கடல். கிழக்கில் இருந்ததை வாசல் என்று குறித்தேன், மேற்கில் இருந்ததை இடிந்த இடம் என்று. தென்கிழக்கில் சமையலறை என்று நானாகவே போட்டேன். எதிரிகள் நிலவழியே வந்து வாசலை உடைத்ததாகப் பத்துப் பக்கம் எழுதினேன்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. டீம் வாட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு கட்டைவிரல் வந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "கோட்டை கெடக்கட்டும், சாப்ட்டியா?" என்றாள். கடைசியில் இதைப் பேசவென்றே நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் அறை கேட்டு வாங்கி, இருபது நாற்காலி போட்டேன்.

வந்தது ஒருவர். ஸ்ட்ரோலரில் குழந்தை தூங்க, ஏசிக்காக ஒதுங்கிய ஒரு தமிழ் அக்கா.

"தமிழா? அப்ப தமிழ்லயே சொல்லுங்க. இவ எந்திரிக்கிற வரைக்கும் எனக்கு டைம் இருக்கு."

மூச்சு விடாமல் சொன்னேன். பஸில் படம் திரையில் வந்ததும் கையைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு நிமிஷம். இது விடியக்காலைன்னா, சூரியன் கோட்டைக்குப் பின்னாடில்ல வருது? நம்மளப் பாத்து இருக்கறது வாசல். அப்ப அது மேற்கு வாசல்!"

அந்த ஆரஞ்சு வானத்தைத் துண்டு துண்டாக அடுக்கியது என் கைதான்.

"ஆறு மாசமா வீடு தேடி ஓப்பன் ஹவுஸா அலையறோம். காம்பஸ் இல்லாமலே சொல்லுவேன்," என்று சிரித்தார். "கிழக்கு வாசல், அக்னி மூலைல கிச்சன்... ஸ்காட்லாந்துக்காரனுக்கே வாஸ்து பாத்துட்டீங்களா?"

குழந்தை விழித்து அழுதது. "அடுத்த தடவ போடும்போது மெசேஜ் பண்ணுங்க, வீட்டுக்காரரையும் இழுத்துட்டு வர்றேன்," என்று நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

நாற்காலிகளை மடித்து வைத்தேன். பத்துப் பக்கமும் குப்பைக்குத்தான். ஆனால் வாசல் கடலைப் பார்த்திருந்தால், வந்தவர்கள் படகில் அல்லவா வந்திருப்பார்கள்? எதிரி மட்டுமா? உப்பு, மீன், விருந்தாளி. அந்த வாசலில் நின்று யாரோ ஒருவர் தினமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்று புதுத் தாளில் மேற்கே வாசலை வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். இனி படகுத்துறை எங்கே இருந்தது என்று தேட வேண்டும். அடுத்த மாதத்துக்கு அதே அறையைக் கேட்டிருக்கிறேன். இந்த முறை நான்கு நாற்காலி போடுவதாக எண்ணம்.