டெர்மின் எடுக்காத விருந்தாளி

அந்தச் சனிக்கிழமை காலை பீலெஃபெல்டில் ஒரு ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் குலம் அண்ணையின் பெயர் வந்தது. காலையிலேயே என்ன வம்பு இழுக்கப்போகிறாரோ என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். பேசியது அவர் மனைவி ராணி அக்கா. "தங்கச்சி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். தேத்தண்ணி கேட்டவர். கொண்டு வந்து பாக்கிறன், கதிரையிலை அப்பிடியே சரிஞ்சு கிடக்கிறார்." பின்னால் நின்ற ஜெர்மன்காரப் பெண்மணி என் முதுகைத் தடவிக்கொடுத்தபோதுதான் நான் சத்தமாக அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்றார் அக்கா. "அழுது வடியாதேங்கோ. அந்த மனிசன் செய்த கூத்துகளை எழுதுங்கோ." சரி அக்கா, முயன்று பார்க்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் அண்ணை இயந்திரங்களைப் பொருத்தும் பிரிவில் இருந்தார். நான் மதுரையிலிருந்து வந்து வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தவள். முதல் நாள் மதியம் உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர், பெயரையோ வேலையையோ கேட்கவில்லை. "வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?" என்றுதான் கேட்டார். ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள், இங்கே யாரும் இல்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெய் வழிய நின்றிருந்தபோது வாசல் மணி அடித்தது. இடியப்பப் பொட்டலத்தோடு அண்ணையும் அக்காவும். "ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?" என்றேன், எரிச்சலை மறைக்காமல். "மனிசரைப் பாக்க வாறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை டெர்மின்?" என்றபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். முடிவெட்டிக்கொள்ளக்கூட டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வரச் சொல்லிக் கேட்கும் நாடு இது. இதைப் படிக்கிறவர்களில் அவர் டெர்மின் இல்லாமல் வந்து கதவு தட்டாத வீடு உண்டா, சொல்லுங்கள் பார்ப்போம்.

அதே கேள்வியைத்தான் கென்ஜியிடமும் கேட்டிருக்கிறார். கென்ஜி ஜப்பானியர், என் பிரிவில் எனக்கு அடுத்த மேசைக்காரர். வாயைத் திறந்து பேசினால் அன்று மழை வரும் என்போம். அவரிடமிருந்து ஒரே மதிய இடைவேளையில் அண்ணை எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். ஜெர்மனிக்குப் போகாதே என்று அப்பா தடுத்தார், சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவந்தாயிற்று. அந்த அப்பா இறந்தபோது கென்ஜி சாவு வீட்டுக்குப் போகவில்லை. பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நிற்பது என்று வருடக்கணக்காகப் போகவே இல்லை.

அண்ணைக்கு வந்ததே கோபம்! அவர் பேசிய ஜெர்மனும் யாழ்ப்பாணத் தமிழ் மாதிரிதான் இருக்கும். ஆகையால் அதை அந்தத் தமிழிலேயே தருகிறேன். "என்ரை அப்பா செத்தபோது என்ரை அகதி அன்ட்ராக், அந்த விண்ணப்பம், இன்னும் முடியேல்லை. நான் இஞ்சை ஒரு முகாமிலை இருந்து சுவரைப் பாத்து அழுதனான். எனக்குப் போக ஏலாது. உனக்கென்ன விசரே? பாஸ்போட் இருக்கு, அம்மா இருக்கிறா, போகாமல் இருக்கிறாய்!" கென்ஜி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பாவம் அந்த மனுஷன், விட்டுவிடுங்கள் என்றேன். அண்ணை எதை விட்டார், இதை விட?

புது இயந்திரம் ஒன்றைப் பழக எங்கள் மூவரையும் கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பியது. வார விடுமுறை வந்ததும் கென்ஜி ஹோட்டல் அறையிலேயே இருக்கப்போவதாகச் சொன்னார். "நீ உன்ரை வீட்டை போக வேண்டாம்" என்றார் அண்ணை. "நாங்கள் ரெண்டு பேரும் உங்கட அம்மாவைப் பாக்கப் போறம். நீ வழி காட்டு, அது காணும். விருந்தாளியளை எந்தத் தாய் வெளியிலை விடுவா?" வாழ்க்கையில் முதல்முறையாக டெர்மின் கேட்டு அவர் ஒரு வீட்டுக்குப் போனது அன்றுதான். கென்ஜிதான் அம்மாவுக்கு போன் செய்தார்.

ஒற்றைப் பெட்டி ரயிலில், நெல் வயல்களுக்கு நடுவே போய் இறங்கினோம். மலையடிவாரத்தில் சிறிய ஊர். வாசலில் அந்த அம்மா எங்கள் இருவரையும் இடுப்பு வளையக் குனிந்து வரவேற்றார். மகனைப் பார்க்கவில்லை. அவர் பக்கம் கண் போகவே இல்லை. கென்ஜி சொந்த வீட்டு வாசலில் யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். தவறு செய்துவிட்டோம், அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

ராணி அக்கா கொடுத்தனுப்பிய பயற்றம் பணியாரப் பெட்டியை அண்ணை நீட்டினார். அந்த அம்மா அதைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் வாங்கி, உள்ளறைக்குக் கொண்டுபோனார். அங்கே கறுப்பு மர மாடம் ஒன்று, பக்கத்தில் கென்ஜியின் அப்பா படம், சின்ன மணி, சாம்பல் நிறைந்த கிண்ணத்தில் ஊதுபத்தி. பெட்டியைப் படத்துக்கு முன்னால் வைத்தார். வருகிற விருந்தாளியும் முதலில் அவரைத்தான் கும்பிட வேண்டுமாம். "தங்கச்சி, இது எங்கட படையல்தானே!" என்றார் அண்ணை சந்தோஷமாக.

கென்ஜி சொல்லிக்கொடுத்தபடியே அண்ணை ஊதுபத்தியைக் கொளுத்தி நட்டார், மணியைத் தட்டினார், கண்ணை மூடிக் கும்பிட்டார். அத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதானே? "சிவ சிவா" என்று கிண்ணத்துக்குள் விரலை விட்டு, ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்துத் தன் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். திரும்பி எனக்கும் பூசினார். நான் சுதாரிப்பதற்குள் கென்ஜியின் நெற்றியிலும் இழுத்துவிட்டார்.

கென்ஜியின் முகம் வெளுத்துப்போனது. அந்தச் சாம்பலை யாரும் தொடுவதே இல்லை என்பதை அதிலேயே புரிந்துகொண்டேன். "அண்ணை, என்ன காரியம் பண்ணீங்க!" என்றேன். அந்த அம்மா ஏதோ கேட்டார். அண்ணை அசரவில்லை. "சொல்லு, கென்ஜி. இது உன்ரை அப்பாவுக்கு முன்னாலை எரிஞ்ச சாம்பல். அவற்றை ஆசீர்வாதம். இதைப் பூசாமல் எங்கட வீட்டிலை ஒருத்தரும் வெளிக்கிடாயினம்."

கென்ஜி சொல்ல ஆரம்பித்தார். அப்பா என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

அந்த அம்மா மகனை ஏறிட்டுப் பார்த்தார். நெற்றியில் கோணல்மாணலாகச் சாம்பல், கண்ணில் நீர். வாயைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு கிட்டே வந்து மகனின் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னார். "மெலிந்துவிட்டாயே" என்றாராம். எந்த ஊரானால் என்ன, அம்மாக்கள் இதைத்தானே சொல்வார்கள்.

அன்று சாப்பாட்டின்போது அண்ணை பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்து மீன் சூப்பில் போட்டதும், அந்த அம்மாவும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தும்மித் தீர்த்ததும் தனிக் கதை. அதற்குப் பிறகு கென்ஜி வருடம் தவறாமல் ஊருக்குப் போனார். ஒருமுறை அண்ணையும் அக்காவும் கூடப் போனார்கள்.

இறுதிச் சடங்கு முடிந்த மாலை, அண்ணை வீட்டில் கூடியிருந்தோம். கொலோனிலிருந்து சொந்தங்கள் வந்திருந்தார்கள். படத்துக்கு முன்னால் விளக்கும் ஊதுபத்தியும் எரிந்தன. கறுப்பு கோட்டோடு கென்ஜி வந்தார். மண்டியிட்டு ஊதுபத்தி ஏற்றினார், கும்பிட்டார். தட்டில் உதிர்ந்து கிடந்த சாம்பலை விரலில் தொட்டு நெற்றியில் இழுத்தார். பெரியவர் ஒருவர் பதறி எழுந்தார். "தம்பி, அது திருநீறில்லை. சாவீட்டிலை அதைப் பூசக் கூடாது."

"விடுங்கோ" என்றார் ராணி அக்கா. "அது என்ரை மனிசன் பழக்கினது." எழுந்து வந்து, கென்ஜிக்கு முன்னால் குனிந்து நெற்றியைக் காட்டினார். கென்ஜி அக்காவுக்குப் பூசினார். திரும்பி எனக்கும் பூசினார். அண்ணை மாதிரியே, கோணலாக.

அக்கா, கூத்துகளை எழுதிவிட்டேன். கடைசியில் அழுதும் வடிந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கெட்ட பழக்கத்தைத்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கென்ஜியும் உங்கள் வீட்டு மணியை அடிப்போம். எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள்.