பூச்சு போக பத்தடி

மேரி வரையும் எந்த வீட்டுப் படத்திலும் அறை அளவுக்குப் பக்கத்தில் 'பூச்சு போக' என்று எழுதியிருக்கும். சுவரில் சிமென்ட் பூசி முடித்தபின் அறைக்குள் மிஞ்சும் அளவு அது. அதை எழுதாததால்தான் எங்கள் ஊரில் பல சுவர்கள் இடிபடுகின்றன. மனையடி சாஸ்திரத்தில் பத்தடி நல்லது, பதினொன்றும் நல்லது, ஒன்பது ஆகாது. கொத்தனார் வெறும் செங்கலுக்குப் பத்தடி வைத்துக் கட்டிவிடுவார். பூசியதும் இரண்டு விரல் குறையும். "ஐயோ, ஒம்போதுல வந்து நிக்குதே!" என்று வீட்டுக்காரர் அலறுவார். சம்மட்டி வரும்.

இடித்த கல் டிராக்டரில் ஏறி, மேரியின் தெருவுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் வடிகிற பள்ளத்தில் இறங்கும். இப்போது அது பள்ளமில்லை, மேடு. போன ஐப்பசியில் தண்ணீர் வடிய இடம் தேடி மேரியின் வீட்டுக்குள் வந்தது. கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில், பொறியாளர் சிவபாலனின் அலுவலகத்தில் மேரி படம் வரைகிறாள். அடுத்த மேசை என்னுடையது. வரையும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். கடிப்பதை நிறுத்தினால் கோபம் என்று அர்த்தம்.

பிள்ளையார்பாளையத்துக் கலியாணசுந்தரம் வீட்டுப் படத்தில் நிறுத்தினாள்.

அவர் தறிக்காரர். தரைக்கு நாலுக்கு இரண்டு அடி டைல், மேலே சாம்பல் கோடு ஓடுவது, தேர்ந்தெடுத்திருந்தார். மேரி அறைகளைப் பதினாறுக்குப் பத்து என்று வரைந்தாள். இரண்டும் சாஸ்திரத்துக்கு ஆகும். டைல் முழுசு முழுசாக உட்கார்ந்துவிடும். அவரோ பதினேழுக்குப் பதினொன்று கேட்டார். அப்படியென்றால் வரிசைக்கு வரிசை வெட்டவேண்டும். வெட்டிய துண்டை வேறிடத்தில் ஒட்டினால் கோடு சேராது. அத்தனையும் டிராக்டருக்குத்தான்.

"பத்துன்னா ஆடு மாடு பெருகும்னு போட்டிருக்குது. நா ஆடு மேய்க்கவா ஊடு கட்றேன்? பதினொண்ணு போடச் சொல்லுப்பா" என்று போனில் சிவபாலனிடம் சொல்லிவிட்டார்.

"கேட்டத வரைஞ்சு குடு மேரி. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ" என்றார் சிவபாலன்.

மேரி வரைந்தாள். மறுநாள் அவளும் சிவபாலனும் படத்தோடு கிளம்ப, நானும் கூடப் போனேன்.

கலியாணசுந்தரம் படத்தை ஊஞ்சலில் விரித்தார். பதினேழு, பதினொன்று. முகம் மலர்ந்தது. பிறகு விரல் வடகிழக்கு மூலையில் நின்றது.

"இன்னாம்மா இது, பொட்டி மாதிரி?"

"கழிவு ரூம்யா. வெட்டின டைலு, ஒடைச்ச கல்லு போட."

"ஈசானிய மூலையிலயா? சாமி இருக்கற எடம்! புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

சிவபாலன் படத்தைச் சுருட்டப் போனார். மேரி படத்தின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"உங்க மனையில வேற காலி எடம் இல்லியே ஐயா."

"வெளிய கொட்டறதுக்கு இன்னா?"

"வெளியன்னா எது? எங்க தெருவு. உங்க தம்பி ஊட்டுச் செவுரு இப்போ எங்க வாசல் எதுக்கதான் கெடக்குது. உங்களுக்கு ஈசானியத்துல ஆகாதுன்னா எங்களுக்கு மட்டும் ஆவுமா?"

"ஏம்மா, நீ படம் போட வந்தியா, சண்ட போட வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்யா."

உள்ளிருந்து அவர் மனைவி காமாட்சியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார்.

"மொதல்ல சொன்ன பத்தடின்னா இந்தப் பொட்டி வேணாமாம்மா?"

"வேணாம்மா. ஒரு டைலுகூட வெட்ட வேணாம்."

"அப்ப பத்தே இருக்கட்டும். ஆடு மாடு வந்தா நா மேய்ச்சுக்கறேன்."

கலியாணசுந்தரம் மனைவியை முறைத்தார். சிரிப்பு வந்துவிட்டது போல, மீசையைத் தடவிக்கொண்டார்.

"பூசினப்புறம் பத்துக்குக் கொறைஞ்சுதுன்னா இடிச்சுடுவேன், ஆமா."

"இடிங்க. அந்தக் கல்ல உங்க தறிக்குழியில கொட்டிட்டுத்தான் போவேன்."

"பாரு சிவபாலு, எப்படிப் பேசுதுன்னு! சரி, பத்து போட்டு எடுத்துனு வா."

தெருவுக்கு வந்ததும் சிவபாலன் வண்டியை உதைக்காமல் நின்றார்.

"என்னக் கேக்காம அந்தப் பொட்டியப் போட்ட."

"கேட்டா போட உட்டிருப்பீங்களா சார்?"

"இனிமே போடாத."

மேரி உதட்டைக் கடிக்கவில்லை. "பதினொண்ணு கேக்கறவங்களுக்கெல்லாம் போடுவேன் சார்" என்றாள்.