பெயர் தெரியாத மீன்காரிக்கு ஒரு பூசை

டென்மார்க்கில், ஹேர்னிங்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். துணி ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். இளவயதில் அவரும் மனைவியும் இரவல் கமெரா ஒன்றோடு உகண்டாவுக்குப் போய், ஒரு சந்தை நகரத்துத் தெருக்களைப் படம் பிடித்தார்களாம். தொழிலுக்கு இல்லை, ஆசைக்குத்தான். மகள் அந்தச் சுருள்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமைகளில் குளிக்க வார்த்து, காலுக்குக் கிறீம் பூசி முடிந்ததும், "போடு" என்பார். நான் டிவியில் போட்டுவிடுவேன்.

சத்தமில்லாத படம். சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு போகிறவர்கள், வாசலில் தையல் மெசின் வைத்துத் தைக்கிற ஒருவர், செம்புழுதி. கமெரா ஓரிடத்திலும் நிற்காது. ஒரு பெண்ணிடம் வந்தால் மட்டும் நின்றுவிடும். அவள் கருவாடு பரப்பிவைத்து இருக்கிறாள். முகத்தை மறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நேரே எங்களைப் பார்த்து ஏதோ சொல்கிறாள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும். நாங்கள் தலையை ஆட்டிப்போட்டு அடுத்த கடைக்குப் போயிட்டம்." அவர் டெனிஷில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது.

அன்றிலிருந்து அவள் என்னோடு வரத் தொடங்கினாள். படுக்கைவிரிப்பு மடிக்கும்போதும், செபமாலை சொல்லும்போதும் அந்தக் கண்கள்.

ஊரில் இருந்த காலத்தில், மன்னார் பஜாரில் எங்களையும் ஒருநாள் இப்படிப் படம் பிடித்தார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள். அண்ணை வலைக்கயிறு விலை பேசிக்கொண்டு நின்றார், நான் பக்கத்தில். கமெரா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "என்னத்தைக் கண்டு எடுக்கினமோ" என்று சிரித்தார். அடுத்த மாதம் வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த படங்களும் போய்விட்டன. எந்த நாட்டிலோ, யாருடைய வீட்டுப் பெட்டிக்குள்ளோ அண்ணை இன்னமும் கயிறு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

நவம்பர் எங்கள் கத்தோலிக்கருக்கு ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களின் பெயர்களைக் கடதாசித் துண்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டால், தமிழ்ப் பூசையில் வாசிப்பார்கள். அம்மா இருந்தவரை அண்ணையின் பெயரை அதில் எழுத விடவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளையை நீ கொல்லாத" என்பார். இந்த முறை அப்பா, அம்மா பெயர்களை எழுதியபின் கை தானாக 'மீன் விற்ற பெண்' என்று எழுதியது. அதற்குக் கீழே அண்ணையின் பெயர். முப்பது வருடத்துக்கு மேல் எழுதாத பெயர் அவளுக்குப் பின்னால் சுலபமாக வந்துவிட்டது.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "ஆரப்பா மீன் விற்ற பெண்? ஆபிரிக்காவிலயும் எங்களுக்குச் சொந்தமோ?" என்றவர், கடைசிப் பெயரைக் கண்டதும் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு காரை எடுக்கப் போனார். அன்றே கோயிலுக்குப் போய்த் துண்டைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் பெரியவரிடம் சொன்னேன், அவளுக்காகப் பூசையில் மன்றாடக் கொடுத்திருக்கிறேன், இறந்தவர்களோடு சேர்த்து என்று. சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"அவள் செத்திட்டாள் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்றார். "எனக்கு எண்பத்தாறு. அவள் என்னிலும் இளையவள். நான் இருக்கிறன்தானே?"

கிறீம் போத்தலை மூடி எடுத்துவைத்தேன். அண்ணைக்கு வயது அறுபத்திநாலுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதலே போய்ப் பாதரைப் பிடித்தேன். "பாதர், ஒரு துண்டைத் திருப்பி எடுக்கவேணும்."

"பெயர் பிழையாப் போச்சோ?"

"ஆள் இருக்கிறாவோ தெரியாது, பாதர்."

அவர் பெட்டியைத் திறந்துவிட்டார். என் எழுத்தைக் கண்டுபிடித்து மீன்காரியை வெட்டினேன். அண்ணையின் பெயரில் பேனை நின்றது. வெட்டினால் இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பது? விட்டால், அவரை மண்ணுக்குள் வைத்தது நான்தான். அவர் பெயர் இருந்த அடிப்பகுதியைக் கிழித்து, செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

பூசையில் அப்பா, அம்மா பெயர்களை வாசித்தார்கள். அதற்குப் பிறகு யாரோ ஒருவருடைய பெயர் வந்தது. உயிரோடிருப்பவர்களுக்காக மன்றாடும்போது அண்ணையைச் சொன்னேன், பெயரில்லாமல் அவளையும் சொன்னேன். ஆண்டவருக்கு அவளுடைய பெயர் தெரியும்.

வியாழக்கிழமை பெரியவர் "போடு" என்றார். போட்டேன். மூன்றரை மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மீன்காரி வாயசைத்தாள். அவளைத் தாண்டி, பின்னால் போகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரைத் தேடுறாய்?" என்றார்.

"இன்னொருக்காப் போடவா?" என்று கேட்டேன்.