ஆத்துக் கங்காணி

எங்கள் ஆற்றுக்குப் பெயர் கிடையாது. ராகலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஊற்றாகக் கசியும். நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கும், வேலை நேரத்தில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவே இறங்கி, வலப்பனைப் பக்கம் ஓடுகிற பெரிய ஆற்றில், ஓயாவில் போய் விழும். ஊற்றிலிருந்து ஓயா வரை நடக்க அரை நாள் கூட ஆகாது. அப்புறம் அந்தத் தண்ணீர் மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறதாம். கடலை நான் பார்த்ததில்லை.

குட்டி ஆறுதான், ஆனால் கோபக்காரி. மேலே மழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் கலங்கி வரும், கல் உருளும். மழை விட்டால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இறங்கிவிடும். அதன் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. அடுப்பை ஊதிக்கொண்டே, "இப்ப கடக்கலாம்" என்று உள்ளேயிருந்து சொல்வேன். கொழுந்துக் கூடையோடு நிற்கிற பெண்கள் என் வாயைப் பார்த்துக் காத்திருப்பார்கள். 'ஆத்துக் கங்காணி' என்று கேலி வேறு. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அன்று மூன்றாம் நாளாக மழை. கொழுந்து எடுப்பதைப் பாதியில் நிறுத்தி எங்களை அனுப்பிவிட்டார்கள். தங்கச்சியின் இரண்டு வயது மகள் அக்கரையில், பிள்ளைக்காம்பராவில் இருந்தாள். சுற்றுப்பாதையில் போனால் ரொம்ப தூரம். இரண்டு பேரும் ஆற்றங்கரைக்கு ஓடினோம். தண்ணீர் இடுப்புக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

"புள்ள அழுதுகிட்டு இருக்கும்க்கா" என்று அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

திடீரென்று சத்தம் அடங்கியது. கண்முன்னே தண்ணீர் வற்றி, நாங்கள் மிதித்துக் கடக்கிற கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மழை மட்டும் விடவில்லை.

"எறங்கிருச்சாக்கா?"

"எறங்கிருச்சு. சட்டுனு ஓடு."

நடு ஆற்றில், செருப்பைக் கையில் பிடித்தபடி, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் மேலே மலை உறுமியது. மண்ணும் மரமும் வேரோடு பிடுங்கிய தேயிலையுமாகத் தண்ணீர் வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் கற்களும் இல்லை, அவளும் இல்லை.

பிறகு வந்த அதிகாரி ஒருவர் சிங்களத்தில் விளக்கினார். மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது, தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. மழை விடாமல் பெய்யும்போது ஆறு வற்றினால் மேட்டுக்கு ஓட வேண்டுமாம். தலையாட்டினேன். மழை விடவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டுதானே நின்றேன், பாவி.

ஓயா வரைக்கும் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவள் கடல் வரைக்கும் தனியாகப் போயிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே கிடக்கிறேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கங்காணி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளை என்னிடம்தான் வளர்கிறாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு. பள்ளிக்கூடமும் அக்கரையில்தான். மற்றப் பிள்ளைகள் கல் மிதித்துப் போகும். இவளை நான் தினமும் சுற்றுப்பாதையில் கூட்டிப்போகிறேன். போன வாரம் நல்ல வெயில். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கரையில் நின்று, அம்மாவின் அதே குரலில் கேட்டாள்.

"எறங்கிருச்சா பெரியம்மா?"

"இன்னும் எறங்கலம்மா" என்று சொல்லி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.